மாக்ரெட் மிஸ்ஸின் எட்டு வால்கள்

கொழும்புக் கொட்டாஞ்சேனையில் மாக்ரெட் மிஸ்ஸைத் தெரியாத ஆள் இருந்தால், அந்த ஆள் கொட்டாஞ்சேனை ஆளே இல்லை என்று நான் அடித்துச் சொல்வேன். ஜம்பட்டா வீதியில் இரும்புச் சாமான் கடைக்கு மேல் மாடியில் இருபது வருஷத்துக்கு மேலாக டைப்பிங் கிளாஸ் நடத்தியவர். கீழே ஆணி நிறுக்கிற சத்தம், மேலே டைப்ரைட்டர் சத்தம், இரண்டுக்கும் மேலே மாக்ரெட்டின் சத்தம். பஸ்ஸில் போகிறவர்கள் அந்தக் குரலைக் கேட்டுத்தான் இறங்குகிற இடம் வந்துவிட்டதென்று எழும்புவார்கள் என்று நான் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். வரட்டும். உள்ளதைத்தானே சொல்கிறேன்.

நான் ஹமீமா. மாளிகாவத்தையிலிருந்து வந்து அதே மாடியில் சுருக்கெழுத்துப் படிப்பித்தவள். பிள்ளைகளுக்கு முன்னால் அவரை 'மிஸ்' என்பேன், தனியே இருந்தால் 'மாக்ரெட்' என்பேன். தனியே இருக்கும்போதும் 'மிஸ்' என்றால் எனக்குக் கோபம் என்று அர்த்தம். நான் சொல்லப்போகிற இந்த வருஷத்தில் நிறைய 'மிஸ்' சொல்லியிருக்கிறேன்.

மாக்ரெட் பிறந்தது கொச்சிக்கடையில். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கல்யாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்டால், "என்ட சத்தத்துக்குத் தாங்கிற காது கிடைக்கேல்லை" என்பார். செவ்வாய்க்கிழமை காலையில் அந்தோனியார் கோயில், மிச்ச நேரமெல்லாம் கிளாஸ். துறைமுகத்தைச் சுற்றியிருந்த கொம்பனிகளில் அந்தக் காலத்தில் டைப் அடித்த பெண்களில் பாதிப் பேர் அவருடைய கையால் வளர்ந்தவர்கள்.

அவருடைய கிளாஸில் ஒரு சட்டம் இருந்தது. எந்த விரலுக்கு எந்த எழுத்தோ, அந்த விரல் அதைத்தான் அடிக்க வேண்டும். ஒரு கை மற்றக் கையின் பக்கம் தாண்டிப் போகக் கூடாது. கண் கீழே பார்க்கக் கூடாது. கண் போகாமலிருக்க ஒரு பூப்போட்ட துணி வைத்திருப்பார். துணியின் இரண்டு முனை டைப்ரைட்டரில், மற்ற இரண்டு முனை பிள்ளையின் கழுத்தில். கை துணிக்கு அடியில் கிடந்து அடிக்கும், கண் வெளியே தாளைப் பார்க்கும். "அவரவர் எழுத்து அவரவர் விரலுக்கு! தாண்டினா முறிப்பன்!" என்று பின்னால் நடந்துகொண்டே கத்துவார். யாருடைய விரலையும் முறித்ததில்லை. ஆனால் முறிப்பார் என்று எல்லாரும் நம்பினார்கள்.

கந்தோர்கள் நிறைந்த கொழும்புக் கோட்டையில் குண்டு வெடித்த வருஷம் அது. யாழ்ப்பாணத்துச் சனமெல்லாம் இடம்பெயர்ந்து, வவுனியா தாண்டி வந்தவர்கள் வெள்ளவத்தை லொட்ஜுகளில் நிரம்பிக் கிடந்த காலம். மழை இல்லாமல் கரண்டும் மணிக்கணக்கில் வெட்டினார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் அலவி சேர் மாடி ஏறி வந்தார். துறைமுகத்தில் கப்பல் சாமான்களை விடுவித்துக் கொடுக்கிற கிளியரிங் கொம்பனியில் ஆள் எடுக்கிற மனேஜர் அவர். வருஷா வருஷம் எங்கள் பிள்ளைகளை எடுக்கிற நல்ல மனுஷன்.

"மிஸ், இனிமே டைப்ரைட்டர் புள்ளைகள எடுக்க ஏலாது," என்றார். "எங்கட ஆபிஸ் முழுக்க ஸ்கிரீன் வந்திட்டு. கம்ப்யூட்டர்ல வேகமா அடிக்கிற எட்டுப் பேர் வேணும். பெருநாள் முடிஞ்சதும் நான் வந்து பாக்குறன். ஒங்கள்ட்ட ஈந்தா சரி. இல்லாட்டி பம்பலப்பிட்டியில ஏசி போட்ட இடமொண்டு ஈக்கி, அங்கதான் எடுப்பன். பொறகு இந்தப் பக்கம் வர வேலையும் இரிக்காது."

கோபத்தில் சொல்லவில்லை, வருத்தத்தில் சொன்னார். அதனால்தான் எனக்குப் பயம் பிடித்தது. அந்தக் கொம்பனி போனால் மற்றக் கொம்பனிகளும் போகும். பிறகு எங்கள் மாடிக்கு யார் பிள்ளைகளை அனுப்புவார்கள்?

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். மாக்ரெட் அதற்கும் பூத்துணி போட்டு மூடி வைத்திருப்பார். எட்டுப் பிள்ளைகள் வரிசையில் நின்று, கரண்ட் இருக்கிற நேரத்தில் ஆளுக்குக் கொஞ்சம் தட்டிப் பார்க்கும். அதற்குள் கரண்ட் போய்விடும். இப்படிப் பழகினால் அந்தப் பிள்ளைகள் பேரப்பிள்ளை கண்ட பிறகுதான் வேலைக்குப் போவார்கள்.

அந்த எட்டுப் பேரில் ஜெனோவா என்றொரு பிள்ளை. யாழ்ப்பாணத்துப் பாசையூரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, வெள்ளவத்தை லொட்ஜில் தாயோடு இருந்தாள். தமையன் பாரிஸில். கொழும்பில் ஏன் நிற்கிறாய் என்று பொலிஸ் கேட்டால் காட்டுவதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு முறையும் பதிவைக் கொஞ்ச நாளுக்குத்தான் நீட்டிக் கொடுப்பார்கள். வேலைக் கடிதம் ஒன்று கிடைத்தால் நிம்மதியாக நிற்கலாம், கிடைக்காவிட்டால் திரும்பி வவுனியா முகாமுக்குத்தான். வழியில் பிள்ளையைப் பிடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் தாயும் தினமும் பஸ்ஸில் கூட வந்து, கிளாஸ் முடியும்வரை எங்கள் படிக்கட்டு வாங்கில் செபமாலையோடு உட்கார்ந்திருப்பார். அந்த மனுஷியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அலவி சேர்மேல் கோபம் வரும். பாவம், அவர் என்ன செய்வார்!

இராஜநாயகம் வந்து சேர்ந்தது அப்போதுதான். அவர் எங்களிடம் டைப்பிங் படித்த பழைய மாணவர். கோட்டையில் ஒரு பெரிய கந்தோரில் கம்ப்யூட்டர் பார்க்கிற வேலை. குண்டு வெடிப்பில் கண்ணாடியெல்லாம் நொறுங்கி, அந்தக் கந்தோர் இராஜகிரியைக்குப் போய்க்கொண்டிருந்தது.

"மிஸ், எட்டு டெர்மினல் எறியப் போறாங்கள்," என்றார். "ஸ்கிரீனும் கீபோர்டும் மட்டும்தான். உள்ளுக்க மூளை இல்லை."

"மூளை இல்லாத சாமான் எங்கட வீட்டிலயும் ரெண்டு மூணு ஈக்கி," என்றேன் நான்.

அவர் சிரிக்கவில்லை. நல்ல பிள்ளை, ஆனால் பகிடி விளங்காது. "மூளையை உங்கட கம்ப்யூட்டர் குடுக்கும், ஹமீமா மிஸ். ஒரே கம்ப்யூட்டரை எட்டுப் பேர் ஒரே நேரத்தில பாவிக்கலாம். அதுக்கு எட்டு சீரியல் போர்ட் வேணும். உங்கட மெசினுக்குப் பின்னால ரெண்டுதான் இருக்கு, அதில ஒண்டில மவுஸ். ஆனா எங்கட பழைய மெசினில எட்டுப் போர்ட் உள்ள கார்ட் ஒண்டு கிடக்கு. அதையும் குப்பைக்குத்தான் போடுறாங்கள்."

"சீரியல் போர்ட் எண்டா என்ன தம்பி?" என்று மாக்ரெட் கேட்டார்.

"எழுத்தெல்லாம் ஒவ்வொண்டா, வரிசையில போய் வாற வாசல், மிஸ்."

வரிசை என்ற சொல்லைக் கேட்டதும் மாக்ரெட்டுக்குப் பிடித்துவிட்டது. "அப்ப கொண்டு வாரும்!" என்று கத்தினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரார் எறிகிற குப்பையைக் கொண்டுவந்து பிள்ளைகளின் வாழ்க்கையில் விளையாடுவதா?

"மிஸ், ஒங்களுக்குப் பைத்தியமா புடிச்சீக்கி?"

"ஓம், விசர்தான். நீர் லொறிக்குச் சொல்லும்," என்றார் அவர்.

நானும் மாக்ரெட்டும் சாமான் ஏற்றிக்கொண்டு வந்த லொறியைத் துறைமுகத்து செக் பொயின்ரில் மறித்தார்கள். மறிக்காமல் இருப்பார்களா? எட்டு ஸ்கிரீன், எட்டுக் கீபோர்ட். எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கார்ட்டிலிருந்து தொங்கிய கேபிள். ஒரு முனையில் ஒன்றாக இருந்து மறு முனையில் எட்டு வாலாகப் பிரிகிற கேபிள். குண்டு வெடித்த கொழும்பில் இரண்டு தமிழ் பேசுகிற பெண்கள் வால் வாலாக வயரைக் கட்டிக்கொண்டு போனால் ஆமிக்காரன் என்ன நினைப்பான்? துவக்கு என் பக்கம் திரும்பியதும் தெரிந்த குர்ஆன் ஆயத்தையெல்லாம் ஓதினேன்.

"மேவா மொனவாத?" என்று அவன் கேட்டான். இதெல்லாம் என்ன என்று.

"டைப் பந்தியெ படு, மல்லி," என்றார் மாக்ரெட். டைப்பிங் கிளாஸ் சாமான், தம்பி என்று. அவன் நம்பவில்லை. உடனே இந்த மனுஷி லொறியின் பின்கதவைத் திறந்து, ஒரு கீபோர்ட்டை இழுத்து, அவனுடைய கையைப் பிடித்து விரலை ஒவ்வொன்றாக எழுத்தின்மேல் வைத்தார். துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்தப் பையன் கரண்ட் இல்லாத கீபோர்ட்டில் அடித்துப் பார்த்தான். அவனுடைய அக்காவும் குருநாகலில் டைப்பிங் படிக்கிறாளாம். எல்லாப் பெட்டியையும் கழற்றிப் பார்த்து முடித்த பிறகு, "ஹரி, யன்ன," என்று போகவிட்டான். மாக்ரெட் போகும்போதும் விடவில்லை. சின்ன விரலை இன்னும் வளைக்க வேண்டும் என்று அவனுக்குச் சிங்களத்தில் சொல்லிவிட்டுத்தான் ஏறினார்.

மறுநாள் காலை இராஜநாயகம் கம்ப்யூட்டரைத் திறந்து கார்ட்டைச் சொருகினார். பின்பக்கத்தில் எட்டு வாலும் தொங்கியது. மூடி, போட்டுப் பார்த்தால் மவுஸ் செத்துப்போய்க் கிடக்கிறது. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்தான். சொன்னேனே!

"ஒண்டுமில்லை மிஸ்," என்றார் அவர். "கூப்பிடுறதுக்கு மவுஸும் கார்ட்டும் ஒரே மணியை அடிக்குது. ஆர் கூப்பிட்டது எண்டு கம்ப்யூட்டருக்குத் தெரியேல்லை. கார்ட்டுக்கு வேற மணி குடுக்கோணும்." திரும்பத் திறந்து, கார்ட்டில் இருந்த சின்ன வெள்ளைச் சுவிட்சை ஊசியால் தள்ளினார். மூடிப் போட்டதும் மவுஸ் ஓடியது. எட்டுப் போர்ட்டும் இருக்கிறதென்று கம்ப்யூட்டரே ஸ்கிரீனில் எழுதிக் காட்டியது. எட்டுப் பேர் ஒன்றாக வேலை செய்கிற புரோகிராமையும் டிஸ்க்கிலிருந்து ஏற்றினார்.

இனி டெர்மினலுக்கும் வாலுக்கும் நடுவே வயர் வேண்டும். பழைய வயரெல்லாம் கோட்டைக் கந்தோர்ச் சுவருக்குள் போய்விட்டது. "மூண்டு வயர் காணும்," என்றார் இராஜநாயகம். "இந்தச் சொக்கெட்டில நம்பர் இருக்கு. ரெண்டாம் நம்பர் பேசுறது, மூண்டாம் நம்பர் கேக்கிறது, ஏழு ரெண்டு பக்கத்துக்கும் பொது. நாளைக்கு வந்து கட்டித் தாறன்."

நாளைக்கு அவர் வரவில்லை. கனடா விசா வந்துவிட்டதென்று அவருடைய தங்கச்சி போனில் சொன்னாள். அடுத்த பிளேனில் ஏறிவிட்டார். விசா வந்தால் குளித்துக்கொண்டிருக்கிறவனும் துவாயோடு ஓடுகிற காலம் அது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் சொன்னேன்.

"போனா போகட்டும்," என்றார் மாக்ரெட். "மூண்டு வயர்தானே? நாங்கள் கட்டுவம்."

மாளிகாவத்தையில் ரேடியோ திருத்துகிற என் தம்பி மஜீட்டிடம் ஈயம் உருக்கிற கோலை இரவல் வாங்கி வந்தேன். மேசைமேல் பேப்பர் விரித்து, எட்டுப் பிள்ளைகளும் சுற்றி இருந்தார்கள். ஜெனோவாவுக்கு நல்ல கை. தையல் தெரிந்தவள். வயரைச் சீவி, சொக்கெட்டைப் பிடித்துக்கொண்டு, "எதை எதோட மிஸ் பொருத்திறது?" என்று கேட்டாள்.

"இதென்ன கேள்வி?" மாக்ரெட்டின் குரலில் ஆணிக்கடையே அதிர்ந்தது. "ரெண்டை ரெண்டோட, மூண்டை மூண்டோட, ஏழை ஏழோட! என்ட கிளாஸில விரல் விரலைத் தாண்டுமோ? வயரும் தாண்டப்படாது!"

அப்படியே செய்தார்கள். ஒரு வயரும் தாண்டவில்லை. ஈயம் ஒவ்வொன்றும் மூக்குத்திபோல் மினுங்கியது. எல்லாவற்றையும் கொழுவி, கரண்ட் வந்ததும் மாக்ரெட் சிலுவை போட்டுவிட்டு சுவிட்சைத் தட்டினார்.

எட்டு ஸ்கிரீனும் பச்சையாக முழித்தன. எட்டிலும் ஒரு சின்னக் கோடு கண் சிமிட்டியது. அவ்வளவுதான். பிள்ளைகள் தட்டினார்கள், தட்டினார்கள், ஒரு எழுத்து வரவில்லை. கழற்றிக் கொழுவினோம். ஒன்றும் இல்லை. மஜீட்டைக் கூப்பிட்டு வந்தேன். அவன் மீற்றர் வைத்து ஒவ்வொரு வயராகப் பார்த்தான். அக்காவைத் தாத்தா என்று கூப்பிடுவது எங்கள் வழக்கம்.

"தாத்தா, வயரெல்லாம் சுத்தமா ஈக்கி. இத விட நல்லா எனக்கும் கட்ட ஏலாது," என்றான். "எனக்கு ரேடியோதான் தெரியும். இது ஏன் பேசுதில்லன்னு அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்."

பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பிழை எதுவுமே இல்லாமல் பிழையாகிப்போன வேலையை எங்கே பிடித்துத் திருத்துவது? பிள்ளைகளின் முகம் சுருங்கிவிட்டது. ஒரு பிள்ளை பம்பலப்பிட்டியில் இடம் இருக்கிறதா என்று விசாரித்ததும் என் காதுக்கு வந்தது. மாக்ரெட் கத்துவதை நிறுத்திவிட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இருபது வருஷம் அந்தக் குரலைக் குறை சொன்னவள், அன்றைக்கு அது கேட்காதா என்று ஏங்கினேன்.

"இராஜநாயகத்தை போனில பிடிப்பம்," என்றார் கடைசியில். கிளாஸ் போனில் வெளிநாடு எடுக்க முடியாது, அதனால் அவருடைய தங்கச்சியிடம் கனடா நம்பரை வாங்கிக்கொண்டு, காலையிலேயே வெள்ளவத்தைக்குப் போனோம். காலி வீதியில் பைறோஸா என்கிறவள் வைத்திருந்த, காசு கொடுத்து போன் எடுக்கிற கொமியூனிகேஷன் கடை. கண்ணாடிக் கூடு மூன்று, வெளியே வெளிநாட்டுப் பிள்ளைகளோடு கதைக்க வந்த சனம் வரிசையாக. முதல் கூட்டுக்குள் நின்றது யாரென்று பார்த்தால் ஜெனோவாவின் அம்மா! ஜெனோவா பொலிஸில் பதிவு நீட்ட வரிசையில் நின்றாள். பாரிஸில் மகன் வேலை முடிந்து வருகிற நேரம் தவறக் கூடாதென்று, தாய் முதல் தடவையாகத் தனியே கதைக்க வந்திருக்கிறார். மற்ற நாளெல்லாம் மகள் பிடித்துக் கொடுக்கிற போன்.

பைறோஸா நம்பரைச் சுழற்றிக் கொடுத்துவிட்டு மற்ற ஆட்களைப் பார்க்கப் போய்விட்டாள். உள்ளே மனுஷி கத்துகிற சத்தம் வீதிவரை கேட்டது.

"தம்பி! தம்பி! ஒண்டும் கேக்கேல்லை மோனே! நீ எங்க நிக்கிறாய்?"

எட்டிப் பார்த்தேன். ரிசீவரைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். வயர் காதடியில் தொங்குகிறது. கேட்கிற பக்கத்தில் பேசுகிறார், பேசுகிற பக்கத்தைக் காதில் வைத்திருக்கிறார். அந்தப் பக்கம் பிள்ளையும் 'அம்மா, அம்மா' என்று கத்திக்கொண்டுதானே நின்றிருப்பான். மாக்ரெட் கதவைத் தள்ளிக்கொண்டு போனார்.

"அம்மா, வயர் இருக்கிற பக்கம் வாய்க்கு! மற்றப் பக்கம் காதுக்கு!" ரிசீவரை அவருடைய கைக்குள்ளேயே திருப்பி வைத்தார்.

மனுஷி அப்படியே நின்றார். முகம் மாறியது. "மோன், நீயே?" என்று மெல்லக் கேட்டார். பிறகு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. எனக்கும் கண் நிறைந்துவிட்டது, ஏன் மறைக்க?

மாக்ரெட் கூட்டைவிட்டு வெளியே வரவில்லை. பேய் அறைந்தமாதிரி அந்த ரிசீவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெரிந்தது.

"ஹமீமா! நாங்கள் எட்டுக்கும் போனைத் தலைகீழாக் குடுத்திருக்கிறம்!"

"என்ன சொல்றீங்க மாக்ரெட்?"

"ரெண்டு பேசுறது எண்டவர். மூண்டு கேக்கிறது எண்டவர். நான் என்ன செய்தனான்? ரெண்டை ரெண்டோட! வாயை வாயோட கட்டினா ஆர் கேக்கிறது? காதைக் காதோட கட்டினா ஆர் பேசுறது? வயர் தாண்டோணும் ஹமீமா! இவையின்ட வாய் அவையின்ட காதுக்குப் போகோணும்!"

இராஜநாயகமும் வேண்டாம், கனடாவும் வேண்டாம் என்று வரிசையை விட்டுவிட்டுப் பாய்ந்தார். கொட்டாஞ்சேனை பஸ்ஸுக்குக்கூட நிற்கவில்லை, திரீவீலரை மறித்தார். வழியெல்லாம் நான், "தாண்டினா முறிப்பன், தாண்டினா முறிப்பன்," என்று அவரைப்போலவே சொல்லிச் சொல்லிக் காட்டினேன். அவர் திட்டினார். எவ்வளவு நாளைக்குப் பிறகு வாய் நிறையத் திட்டினார்! எனக்குப் பெருநாள் அன்றைக்கே வந்தமாதிரி இருந்தது.

அன்று பின்னேரம் ஜெனோவா ஈயத்தை உருக்கி, ஒரு டெர்மினலின் வயரில் மட்டும் மாற்றினாள். இந்தப் பக்கத்து இரண்டு அந்தப் பக்கத்து மூன்றுக்கு, இந்தப் பக்கத்து மூன்று அந்தப் பக்கத்து இரண்டுக்கு. ஏழு இருந்த இடத்திலேயே. கொழுவினாள். கரண்ட் இருந்தது. சுவிட்சைப் போட்டார்கள்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஸ்கிரீனின் மேல் மூலையில் பச்சையாக ஒரு சொல் வந்தது. வருகிறது யார், பெயரைச் சொல்லு என்று கம்ப்யூட்டர் கேட்கிற சொல். ஜெனோவா ஜே என்ற எழுத்தைத் தட்டினாள். ஜே வந்தது. தன் பெயர் முழுவதையும் அடித்தாள். முழுவதும் வந்தது.

நாங்கள் போட்ட சத்தத்தில் கீழே ஆணிக்கடை ஸஹாப்தீன் ஹாஜியார், குண்டுதான் வெடித்துவிட்டதென்று நினைத்துத் தராசையும் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்துவிட்டார். மாக்ரெட் அவரையும் பிடித்து இழுத்து ஸ்கிரீனைக் காட்டினார். "பாருங்கோ ஹாஜியார், கேக்குது! நாங்கள் சொல்றது அதுக்குக் கேக்குது!" ஹாஜியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் மாஷா அல்லாஹ் என்றார். எல்லாருக்கும் கடையிலிருந்து பிளேன் டீ அனுப்பினார்.

இருட்டு வருவதற்குள் எட்டு வாலும் எட்டு ஸ்கிரீனோடு பேசின.

மறுவாரம் மாக்ரெட் கனடாவுக்கும் ஒரு போன் எடுத்தார். இராஜநாயகம் கேட்ட முதல் கேள்வி, "மிஸ், ரெண்டையும் மூண்டையும் மாத்திப் போட்டனீங்கள்தானே?" என்பது. அதற்கு மாக்ரெட் கொடுத்த பதிலை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. கண்ணாடிக் கூட்டுக்கு வெளியே நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது.

பிறகு பிள்ளைகள் பழகிய பழக்கம் இருக்கிறதே! கரண்ட் விடிய வந்தால் விடிய வந்தார்கள், மத்தியானம் வந்தால் சோற்றுப் பார்சலோடு இருந்தார்கள். எட்டுப் பேரும் ஒன்றாக. யாரும் யாருக்கும் காத்து நிற்கவில்லை. மாக்ரெட் எட்டுக் கீபோர்ட்டுக்கும் புதுப் பூத்துணி தைத்துப் போட்டார். "கம்ப்யூட்டருக்கும் துணியா? சிரிக்கப் போறாங்க," என்றேன். "சிரிக்கட்டும், பிள்ளையள் கீழ பாராம இருந்தாச் சரி," என்றார். சுருக்கெழுத்து டீச்சராகிய நானும் ஒரு நாள் யாரும் இல்லாத நேரம் துணிக்கு அடியில் கையை வைத்து அடித்துப் பார்த்தேன். நல்லாத்தான் இருந்தது. இதை மாக்ரெட்டிடம் சொல்லவில்லை.

பெருநாள் முடிந்து அலவி சேர் வந்தார். கையில் கப்பல் சாமான்களின் கடுதாசிக் கட்டு. வாசலில் நின்றபடியே எட்டு ஸ்கிரீனையும் பார்த்தார்.

"எத்தன கம்ப்யூட்டர் மிஸ் வாங்கினீங்க?"

"ஒண்டும் வாங்கேல்லை சேர். பழைய ஒண்டுதான்."

அவர் நம்பாமல் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். எட்டு வயரும் போய் ஒரே பெட்டியின் பின்னால் முடிவதைக் கண்டார். கடுதாசிகளைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார். எட்டுப் பேரும் துணியைக் கழுத்தில் கட்டினார்கள்.

"இதென்ன, கைக்குப் போர்வை?"

"கைக்கில்லை சேர், கண்ணுக்கு," என்றார் மாக்ரெட்.

தொடங்கச் சொன்னார். எட்டுக் கீபோர்ட்டும் ஒன்றாகப் பொழிந்தது. ஒரு கண்கூடக் கீழே போகவில்லை. கண் கடுதாசியில், கை துணிக்கு அடியில், எழுத்து ஸ்கிரீனில் ஓடிக்கொண்டிருந்தது. அலவி சேர் ஒவ்வொரு பிள்ளையின் பின்னாலும் நின்று பார்த்தார். ஜெனோவாவின் பின்னால் கூடுதல் நேரம் நின்றார். நான் படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தேன். அவளுடைய அம்மா கண்ணை மூடிக்கொண்டு செபமாலை உருட்டினார்.

முடிந்ததும் அலவி சேர் கடுதாசிகளை அடுக்கி எடுத்தார். "ஆபிஸ்ல பார்த்திட்டு போன் பண்ணுறன்," என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. படி இறங்கிப் போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரம்! வாயைத் திறந்து ஒரு நல்ல சொல் சொன்னால் முத்து உதிர்ந்துவிடுமா?

அடுத்த நாள் ஒருவரும் டைப் அடிக்கவில்லை. எட்டுப் பிள்ளைகளும் மேசையில் இருந்த போனைச் சுற்றியே நின்றார்கள். மாக்ரெட் அதை உற்றுப் பார்த்துக்கொண்டு இருந்தார். மத்தியானம் கழிந்தது. அடித்தது.

மாக்ரெட் பாய்ந்து எடுத்தார்.

"ஹலோ! ஹலோ! சேர்? ஹலோ! கேக்கேல்லை! ஐயோ, லைன் போயிட்டுது! ஹலோ!"

நான் தலையில் கை வைத்தேன். பிள்ளைகள் ஆளையாள் பார்த்தார்கள். யாருக்கும் சொல்லப் பயம். அப்போது படிக்கட்டு வாங்கிலிருந்து ஜெனோவாவின் அம்மா எழும்பி வந்தார். மாக்ரெட்டின் கையைப் பிடித்தார். ரிசீவரை அந்தக் கைக்குள்ளேயே மெல்லத் திருப்பி வைத்தார்.

"மிஸ், வயர் இருக்கிற பக்கம் வாய்க்கு," என்றார்.

மாடியே சிரித்தது. மாக்ரெட்டுக்குச் சிரிக்க நேரமில்லை. ரிசீவர் பேசத் தொடங்கிவிட்டது. கேட்கக் கேட்க, பெயர்களை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். அந்தப் பெரிய குரல் அன்றைக்கு நடுங்கியது. ஏழு பெயர் வந்தது. ஏழு பிள்ளையும் கத்தியது. ஜெனோவாவின் பெயர் வரவில்லை. அவள் தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஓம் சேர்... ஓம்... நாளைக்கே வருவாள்... பொலிஸுக்குக் காட்டிற கடிதமும் நீங்களே கையில குடுப்பீங்களோ? ஓம் சேர், ஓம்... ஜெனோவாதான். கொன்ஸ்ரன்ஸ் ஜெனோவா. பாசையூர்ப் பிள்ளை."

மாக்ரெட் ரிசீவரை வைத்தார், இந்த முறை சரியாக. எங்களைத் திரும்பிப் பார்த்தார். கண்ணால் தண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை.

"என்ன எல்லாரும் வாய் பாத்துக்கொண்டு நிக்கிறீங்கள்?" என்று கத்தினார். ஜம்பட்டா வீதி முழுக்கக் கேட்டிருக்கும். "அம்மா, நீங்கள் வாங்கோ! வெள்ளவத்தைக்குப் போய்ப் பாரிஸுக்கு இப்பவே ஒரு போன் எடுப்பம். மோனுக்கு நீங்களே சொல்லுங்கோ."

"நானே எடுப்பன் மிஸ்," என்றார் ஜெனோவாவின் அம்மா. "எனக்கு இப்ப பிடிக்கத் தெரியும்."